மெலிந்த கோடும் வெள்ளை வெளியும்: அவான் கார்ட் கொதிக் அச்செழுத்து பற்றிய ஒரு நோக்கு

நூலொன்றை வாசிப்பவன் சொல்லையும் அதன் பொருளையும் பற்றிச் செல்கிறானேயன்றி, அச்சொல்லைத் தாங்கிநிற்கும் கோடுகளின் அமைப்பைப் பற்றி எண்ணுவதில்லை. அவ்வாறு எண்ண நேருமாயின் அஃது அச்செழுத்தின் தோல்வியே என்பது அச்சுக்கலையில் நெடுங்காலமாக வேரூன்றிய கருத்தாகும். நூலின் உட்பக்கங்களில் வரும் சிறிய எழுத்தைப் பொறுத்தவரையில் இக்கருத்துப் பெரிதும் ஏற்புடையதே. தலைப்பெழுத்தின் இயல்போ வேறு. சஞ்சிகை முகப்பிலும் சுவரொட்டியிலும் நூலட்டையிலும் இடம்பெறும் எழுத்து, வாசிக்கப்படுவதற்கு முன்னரே பார்க்கப்படுகின்றது. ஒரு கணமேனும் ஓவியமாக நின்ற பின்னரே அது சொல்லாக மாறுகின்றது. ஆகவே ஓவியத்தையும் சிற்பத்தையும் போல இதுவும் திறனாய்வுக்கு உட்படுத்தத்தக்க கலைப்பொருளேயாகும். உருவம், உள்ளடக்கம் என இலக்கியத் திறனாய்வாளர் ஓயாது விவாதித்துவந்த பிரச்சினை இங்கு மிகத் துலக்கமான வடிவில் எழுவதையும் காணலாம்.

இவ்வகையில் ஆராயத்தக்க ஓர் எழுத்து, 1970 இல் நியூயோர்க்கிலிருந்து வெளிவந்த அவான் கார்ட் கொதிக் ஆகும். கொதிக் என்னும் பெயர் கொண்டு இதனை மத்தியகால ஐரோப்பியக் கறுப்பெழுத்தோடு தொடர்புபடுத்துதல் தவறு. கோட்டு முனைகளிலே குறுங்கோடுகள் இல்லாத எழுத்துக்களை அமெரிக்க அச்சாளர் அப்பெயரால் வழங்கினர், அவ்வளவே. இவ்வெழுத்துப் பல கனங்களில் வெளியிடப்பட்டது. அவற்றுள் எக்ஸ்ட்ரா லைற் எனப்படும் மிக மெலிந்த வகையே தனித்து நோக்குவதற்குரியது. ஏனெனில் இவ்வமைப்பின் அழகு முழுமையாக வெளிப்படுவதும் இம்மெலிந்த வகையிலேதான். அதன் குறைபாடு மிகக் கடுமையாக வெளிப்படுவதும் இதிலேதான்.

இவ்வெழுத்தின் பிறப்பு ஒரு சஞ்சிகையின் பெயரோடு தொடர்புடையது. ரால்ப் கின்ஸ்பேர்க் என்பார் 1968 ஆம் ஆண்டு தொடக்கம் 1971 வரை அவான் கார்ட் என்னும் சஞ்சிகையை வெளியிட்டார். கலை, அரசியல், பாலியல் ஆகியவை பற்றி அன்றைய அமெரிக்க நடுத்தர வர்க்கம் கேட்க விரும்பாதவற்றைக் கூறிய இதழ் அது. வியட்நாம் போர் உச்சத்தில் இருந்த காலத்தில் போரெதிர்ப்புச் சுவரொட்டிப் போட்டியொன்றையும் நடத்தியது. அதன் வடிவமைப்பைப் பொறுப்பேற்றவர் ஹேர்ப் லூபலின். கின்ஸ்பேர்க்கின் முன்னைய ஏடுகளான ஈரோஸ், பக்ற் ஆகியவற்றையும் வடிவமைத்தவர் அவரே. சொல்லை எழுத்துக்களின் வரிசையாகக் காணாது ஒரே படமாகக் காண்பது லூபலினின் இயல்பு. 1965 இல் அவர் அமைத்த தாயும் சேயும் என்னும் பொருள்தரும் ஆங்கிலப் பெயர்ச்சின்னத்தில், தாய் என்னும் சொல்லின் வட்டமான ஓ எழுத்துக் கருப்பையாகிறது. உம்மைக் குறி அதனுள் சிசுவாகச் சுருண்டு கிடக்கிறது. எழுத்து அங்கு பொருளைச் சுமக்கவில்லை, பொருளாகவே ஆகிவிடுகிறது.

அவான் கார்ட் என்னும் பெயரிலும் அவர் இதையொத்த ஒரு வாய்ப்பைக் கண்டார். அப்பெயரில் ஏ என்னும் உரோம எழுத்து மூன்று முறை வருகிறது. அதற்கு அடுத்து வருவது வி. ஒன்று கூரைபோல் மேலே குவிவது. மற்றையது கீழே குவிவது. இவ்விரண்டையும் வழக்கமான முறையில் அடுத்தடுத்து நிறுத்தினால் இடையிலே பெரும் பள்ளங்கள் தோன்றிச் சொல் சிதைந்துவிடும். லூபலின் ஏ எழுத்தைச் சாய்த்தார். அதன் சாய்கோடு அயலெழுத்தின் சாய்கோட்டுக்கு இணையாகச் சென்று அதனோடு பொருந்தியது. ஏனைய எழுத்துக்களும் நெருங்கியும் இணைந்தும் நின்றன. இவ்வாறு பத்து எழுத்துக்கள் ஒரு கட்டடத்தின் செங்கற்களைப்போல ஒன்றையொன்று தாங்கி நின்றன. இது ஒரு சொல்லுக்காகச் செய்யப்பட்ட தீர்வு என்பதை மனங்கொள்ளல் வேண்டும். அத்தோடு, அந்தத் தலைப்பின் கோடுகள் மெலிந்தவையல்ல, கனத்தவை.

தலைப்பிலிருந்து ஒரு முழு அகரவரிசை எவ்வாறு தோன்றியது என்பது கலையின் கதை மாத்திரமன்று, தொழில்நுட்பத்தினதும் வணிகத்தினதும் கதையுமாகும். ஈய எழுத்தில் ஒவ்வோர் எழுத்தும் ஓர் உலோகக் கட்டையின் மீது நிற்பது. இரண்டு கட்டைகளை ஒட்டிவைக்கலாமேயொழிய ஒன்றுக்குள் ஒன்றைப் புகுத்த முடியாது. ஒளிப்பட முறையில் எழுத்துக் கோக்கும் இயந்திரங்கள் பரவியபோது அக்கட்டை மறைந்தது. படச்சுருளில் இருக்கும் எழுத்தின் நிழலை எங்கும் விழுத்தலாம். ஒன்றின்மேல் ஒன்றாகவும் விழுத்தலாம். லூபலினின் நெருக்கமான பாணிக்கு இதுவே பௌதிக அடிப்படையாக அமைந்தது. அதேவேளை, ஒளிப்படத்தினால் ஓர் எழுத்தமைப்பைத் திருடுவதும் எளிதாயிற்று. அமெரிக்கச் சட்டமோ எழுத்தின் வடிவத்துக்குப் பதிப்புரிமை வழங்குவதில்லை. இந்நிலையில் ஆரன் பேர்ண்ஸ், லூபலின், எட்வேட் ரொண்தேலர் ஆகியோர் 1970 இல் ஐ.ரி.சி. எனச் சுருக்கமாக அறியப்பட்ட நிறுவனத்தைத் தொடங்கினர். இயந்திரம் எதையும் செய்யாது, எழுத்தமைப்புக்களை மாத்திரம் உருவாக்கி, இயந்திரம் செய்யும் நிறுவனங்கள் பலவற்றுக்கும் ஒருங்கே உரிமம் வழங்குவது அதன் வழிமுறை. லூபலினும் அவரது பங்காளரான ரொம் கார்னாஸும் உருவாக்கிய அவான் கார்ட் கொதிக், அந்நிறுவனத்தின் தொடக்க வெளியீடுகளுள் முதன்மையானதாகும். ஒரு சொல்லின் உருவம் எல்லாச் சொற்களுக்கும் உரிய விற்பனைப் பண்டமாக மாறியது இங்குதான்.

வடிவவியலை அடிப்படையாகக் கொண்ட எழுத்து 1970 இல் புதியதன்று. ஜேர்மனியில் ஹேர்பேர்ட் பயர் 1925 இல் பௌஹவுஸ் கலைக்கூடத்தில் வட்டத்தையும் நேர்கோட்டையும் கொண்டு ஓர் அகரவரிசையை வகுக்க முயன்றார். 1927 இல் போல் ரென்னரின் பியூச்சுரா வெளிவந்தது. அவான் கார்ட் கொதிக் இவ்விருவருக்கும் கடன்பட்டது என்பதில் ஐயமில்லை. எனினும் பியூச்சுராவில் சிற்றெழுத்துக்களின் உடல் சிறியது. மேலெழும் கோடுகள் நீண்டவை. உரோமர் கல்லிற் பொறித்த பேரெழுத்துக்களின் அளவுகளை ரென்னர் மறந்தாரல்லர். அகலமும் ஒடுக்கமும் மாறிமாறி வருவதால் பியூச்சுராவின் வரியில் ஓர் ஓசைநயம் போன்ற அசைவு உண்டு. அவான் கார்ட் கொதிக்கிலோ சிற்றெழுத்துக்களின் உடல் பெருத்து, மேற்கோடுகள் குறுகி, ஏறத்தாழ எல்லா வட்டங்களும் ஒரே வட்டமாகவே நிற்கின்றன. வட்டத்தின் இடப்பக்கக் கோடு மேலெழுந்தால் ஓர் எழுத்து, கீழிறங்கினால் இன்னோர் எழுத்து; வலப்பக்கத்தில் மேலெழுந்தால் மூன்றாவது, கீழிறங்கினால் நான்காவது. கவராயமும் அடிமட்டமும் வைத்து வரைபவனுக்கு இதிற் கிடைக்கும் மகிழ்ச்சி பெரிது. வாசிப்பவனுக்கும் அதே மகிழ்ச்சி கிடைக்குமா என்பதுதான் கேள்வி.

இனி மெலிந்த வகையின் தனித்தன்மையை நோக்கலாம். வட்டமும் நேர்கோடும் சந்திக்கும் இடத்திற் கனத்த எழுத்துக்கு எப்போதும் ஓர் இடர்ப்பாடு உண்டு. இரண்டு தடித்த கோடுகள் ஒன்றிணையும் மூலையில் கறுப்புத் திரண்டு ஒரு கறையாகத் தோன்றும். இதனைத் தவிர்க்க, வரைபவர் சந்திப்பை நோக்கிச் செல்லும் வளைவை மெலிவிப்பர். அதாவது வட்டத்தை வட்டமல்லாததாக்குவர். கனம் கூடக்கூட வடிவவியலோடு செய்துகொள்ளும் சமரசமும் கூடிச்செல்லும். மயிர்க்கோட்டினாலான எழுத்துக்கு இச்சமரசம் மிகக் குறைவாகவே தேவைப்படுகிறது. கோடு தன் தடிப்பை இழந்து ஏறக்குறைய எல்லைக்கோடாகிவிடுவதால், வட்டம் வட்டமாகவே நிற்க முடிகிறது. பயரும் ரென்னரும் கனவுகண்ட தூய வடிவம் எக்ஸ்ட்ரா லைற்றில்தான் தன் இலட்சியத்துக்கு அண்மையில் வருகிறது. கனத்த தலைப்பொன்றிலிருந்து பிறந்த குடும்பத்திலே, மெலிந்த பிள்ளையே குடும்பத்தின் கொள்கையை முழுமையாகக் கடைப்பிடிப்பது வியப்புக்குரியது.

இதிலிருந்து மற்றொரு பண்பு பிறக்கிறது. கனத்த எழுத்திற் கண் முதலிற் காண்பது கறுப்பு. மெலிந்த எழுத்திற் காண்பது வெள்ளை. ஓ என்னும் பேரெழுத்தை இரண்டங்குல உயரத்தில் மெலிந்த கோட்டால் வரைந்தால், கண்ணில் நிறைவது அவ்வட்டம் சூழ்ந்துகொண்ட வெள்ளைத் தாளேயாகும். கோடு அதற்கு வேலி மாத்திரமே. ஆகவே இவ்வெழுத்தைக் கொண்டு வடிவமைப்பவன் உண்மையில் வெளியைக் கொண்டே வடிவமைக்கிறான். குரலை உயர்த்தாமலே சபையின் கவனத்தைப் பெறும் பேச்சாளனைப் போன்றது இது. ஆனால் அத்தகைய பேச்சாளனுக்குச் சபையின் அமைதி தேவை. சுற்றிலும் படங்களும் நிறங்களும் வேறு எழுத்துக்களும் கூச்சலிடும் பக்கத்தில் மெலிந்த தலைப்பு ஒன்றுமில்லாததாகிவிடும். நாளிதழின் விளம்பரப் பக்கத்தில் இதனைப் பயன்படுத்துவோர் பணத்தை வீணாக்குகின்றனர்.

எழுத்திடை வெளி பற்றிய பிரச்சினையே இவ்வமைப்பின் உள்முரண்பாடாகும். எழுத்தின் உள்ளே எவ்வளவு வெண்மை இருக்கிறதோ அதற்கு ஏற்ப எழுத்துக்களுக்கிடையிலும் வெண்மை இருத்தல் வேண்டும் என்பது அச்சுக்கலையின் பழைய நியதி. கனத்த எழுத்தின் உள்வெளி சிறிது. எனவே அதனை நெருக்கிக் கோக்கலாம். மெலிந்த எழுத்தின் உள்வெளி அகன்றது. எனவே அது தளர்ந்து நிற்கவேண்டும். ஆனால் அவான் கார்ட் கொதிக்கின் பாணியோ, முட்டாமல் முட்டும் நெருக்கத்தையே தன் அடையாளமாகக் கொண்டது. கனத்த தலைப்பொன்றுக்கு இயல்பான இந்நெருக்கத்தை மெலிந்த வகையின்மேல் சுமத்தும்போது, அகன்ற வட்டங்கள் சங்கிலி வளையங்களாகக் கோத்துக்கொள்கின்றன. எங்கே ஓரெழுத்து முடிந்து மற்றையது தொடங்குகிறது என்று கண் தடுமாறுகிறது. 1970களின் அமெரிக்க விளம்பரங்களைப் புரட்டிப் பார்ப்போர் இதற்கு எடுத்துக்காட்டுக்களைத் தேடி அலைய வேண்டியதில்லை.

இம்முரண்பாடு தீரும் ஓரிடம் உண்டு. பேரெழுத்துக்களுக்கென லூபலினும் கார்னாஸும் வரைந்த இணைப்பெழுத்துக்களும் சாய்ந்த வடிவங்களுமே அவ்விடம். சாய்ந்த ஏயும் வியும், ஒன்றுக்குள் ஒன்று புகும் வட்டங்களும், பொதுக்கோட்டைப் பங்கிட்டுக்கொள்ளும் நிமிர்ந்த எழுத்துக்களும் மெலிந்த கோட்டில் வரையப்படும்போது, அவை தனித்தனி எழுத்துக்களாக நிற்பதை விட்டுவிடுகின்றன. கனத்த வகையில் இத்தகைய சந்திப்பு ஒரு கறுத்த முக்கோணத்தைத் தோற்றுவிக்கும். மெலிந்த வகையில் இரண்டு கோடுகள் குறுக்கிட்டுச் செல்வது தெளிவாகவே தெரியும். பாலமொன்றின் இரும்புச் சட்டகத்தைப் பார்ப்பது போன்ற அனுபவம் அது. நெருக்கம் இங்கு இடைவெளியின் குறைபாடாகத் தோன்றுவதில்லை. முழுச்சொல்லும் ஒரே வரைபடமாகிவிட்டமையால் இடைவெளி என்னும் கேள்வியே எழுவதில்லை. ஆனால் இதற்கேற்ற எழுத்துக்கள் அச்சொல்லில் அமைந்திருத்தல் வேண்டும். இல்லாத சொல்லில் வலிந்து சாய்ப்பதால் விளைவது வெறும் கோணலே.

சிறிய அளவில் இவ்வெழுத்துத் தோற்பதற்கும் ஒரு பௌதிகக் காரணம் உண்டு. ஈய எழுத்தின் காலத்தில் ஒவ்வோர் அளவும் தனித்தனியே வெட்டப்பட்டது. எட்டுப் புள்ளி எழுத்தை வெட்டும் கைவினைஞன் அதன் கோட்டைச் சற்றுத் தடிப்பாக்கினான், உள்வெளியை அகட்டினான், இடைவெளியைத் தளர்த்தினான். ஒளி அச்சுக்கோப்பில் இவ்வறிவு பெரும்பாலும் கைவிடப்பட்டது. ஒரே படச்சுருளிலிருந்து வில்லையின் மூலம் எழுத்தைப் பெருப்பிக்கவும் சிறுப்பிக்கவும் முடிந்தது. ஒரு கோட்டின் தடிப்பு பேரெழுத்தின் உயரத்தில் இருபதில் ஒரு பங்கு எனக் கொள்ளின், 72 புள்ளி அளவில் அது ஏறத்தாழ 0.9 மில்லிமீற்றராகும், எட்டுப் புள்ளியில் 0.1 மில்லிமீற்றராகக் குறையும். முன்னையது கோடு, பின்னையது கோட்டின் நினைவு. தகடு தயாரிக்கையில் ஒளி சற்று மிஞ்சினாலும் அக்கோடு ஆங்காங்கே அறுந்துபோகும். அறாது நின்றாலும், சூழவுள்ள வெண்மையின் ஒளி கண்ணினுள் பரவி அதனை மேலும் மெலியச் செய்யும். கறுப்புப் பின்னணியில் வெள்ளையாக அச்சிட்டாற் கதை வேறு: மை பரவிக் கோட்டை மூடிவிடும், நான்கு நிறங்கள் சிறிது விலகினாலும் எழுத்தே இல்லை.

இதனோடு வடிவ ஒற்றுமையும் சேர்கிறது. ஓ, சீ, ஈ ஆகிய சிற்றெழுத்துக்கள் மூன்றும் ஒரே வட்டத்தின் வேறுபாடுகளே. சிறிய அளவில் சீயின் திறப்பும் ஈயின் குறுக்குக்கோடும் மங்கும்போது மூன்றும் ஒன்றாகின்றன. ஐ என்னும் பேரெழுத்தும் எல் என்னும் சிற்றெழுத்தும் வெறும் நிமிர்கோடுகளே. பழைய நூலெழுத்துக்களில் எழுத்தை எழுத்திலிருந்து பிரித்துக் காட்டுவதற்கென இருந்த சிறு வேறுபாடுகள், தூய்மையின் பெயரால் இங்கு துடைக்கப்பட்டுவிட்டன. கண் ஒருவகையில் சோம்பேறி. சொல்லின் வெளிக்கோட்டைக் கொண்டே பாதியை ஊகித்துக்கொள்வது. மேற்கோடும் கீழ்க்கோடும் குறுகிய எழுத்தில் அவ்வெளிக்கோடும் மட்டமாகிவிடுகிறது. நீண்ட பந்தியொன்றை இதில் வாசிப்பது தண்டனையாகும்.

ஆகவே இம்மெலிந்த எழுத்துக்குரிய இடம் குறுகியது, ஆனால் உறுதியானது. ஒரு சொல், இரண்டு சொல், மிஞ்சினால் ஒரு சிறு தொடர். பெரிய அளவு, வழவழப்பான வெள்ளைத் தாள், சுற்றிலும் தாராளமான வெளி. கட்டடக்கலை, இசை, நடனம், கண்ணாடி, ஒளி முதலிய பொருள்களைப் பற்றிய கண்காட்சியின் சுவரொட்டிக்கு இதனை விடப் பொருத்தமான எழுத்தைக் காண்பது அரிது. ஏனெனில் அங்கு கோடும் வெளியுமே பேசுபொருள். இசைத்தட்டு உறைக்கும் இது நன்கு பொருந்தும். சுவரிற் பொருத்தும் உலோகக் கம்பி எழுத்தாகவும் நியோன் குழாய் எழுத்தாகவும் அமைக்கையில் ஒரே தடிப்புள்ள கோடு இயல்பாகவே கைகொடுக்கும். எச்சரிக்கைப் பலகைக்கும் மருந்துப் போத்தலுக்கும் வீதிப் பெயருக்கும் இது ஆகாது. அத்தகைய இடங்களில் எழுத்தின் அழகு வாசகனுக்கு இரண்டாம் பட்சம். எழுத்துத் தெரியாமற்போவதன் விலையைச் செலுத்துபவனும் அவனே. கண்பார்வை மங்கிய முதியவர் இவ்விலையை இருமடங்காகச் செலுத்துகிறார்.

அவான் கார்ட் கொதிக் அழகாகத் தோன்றும் ஒரே இடம் அவான் கார்ட் என்னும் சொல்லே என எழுத்தமைப்பாளர் எட் பெங்கியாற் கூறியதாக அறியப்படுகிறது; எழுத்துக்களைத் தவறான பக்கம் சாய்த்து எல்லோரும் அதனைக் கெடுத்துவிட்டனர் என்பது அவரது முறைப்பாடு. 1974 இல் இதே குடும்பத்துக்கு ஒடுங்கிய வகையை வரைந்து சேர்த்தவரும் பெங்கியாற்றே என்பதால் இக்கூற்றுக்குத் தனிச் சுவை உண்டு. கூற்றின் முற்பகுதி மிகை. மெலிந்த வகையின் ஆற்றலை அது கணக்கிலெடுக்கவில்லை. பிற்பகுதியோ குற்றத்தைப் பயன்படுத்துவோன்மீது மாத்திரம் சுமத்துகிறது. எந்த அளவிலும், எந்தச் சொல்லுக்கும், எந்தத் தாளிலும் பயன்படும் எனக் குடும்பமாக விற்கப்பட்ட ஒன்றை வாங்கியவன் அவ்வாறே பயன்படுத்தினான். உள்ளடக்கத்திலிருந்து பிறந்த உருவத்தை உள்ளடக்கத்திலிருந்து பிரித்தெடுத்து விலைகூறியவர்களுக்கும் அக்குற்றத்திற் பங்குண்டு. லூபலின் அந்த நிறுவனத்தின் தாபகர்களுள் ஒருவர் என்பதையும் மறத்தலாகாது.

வரலாறு இதில் ஒரு கசப்பான முரணையும் சேர்த்துவைத்துள்ளது. சஞ்சிகை 1971 இல் நின்றுபோயிற்று. ஈரோஸ் ஏடு தொடர்பான ஆபாச வழக்கில் 1963 இல் குற்றவாளியாகக் காணப்பட்ட கின்ஸ்பேர்க்கின் தண்டனையை அமெரிக்க உயர் நீதிமன்றம் 1966 இல் உறுதிசெய்திருந்தது. 1972 இல் அவர் சிறைசென்று எட்டு மாதங்களைக் கழித்தார். அதே ஆண்டுகளில் அவரது சஞ்சிகையின் தலைப்பிலிருந்து பிறந்த எழுத்து, அச்சஞ்சிகை எந்தச் சமுதாயத்தை எள்ளி நகையாடியதோ அச்சமுதாயத்தின் விளம்பரங்களில் நிறைந்து வழிந்தது. முன்னணிப் படை என்னும் பொருள்கொண்ட பெயர், நாகரிகப் பொருள்களின் விலைச்சீட்டில் வந்து நின்றது.

கணினியின் வருகையோடு இவ்வெழுத்து மேலும் ஒரு படி தன் மூலத்திலிருந்து விலகியது. 1986 இல் வந்த லேசர்ரைற்றர் பிளஸ் என்னும் அச்சியந்திரத்தோடு அவான் கார்ட் கொதிக் இணைத்து வழங்கப்பட்டமையால் அது உலகெங்கும் அலுவலக மேசைகளை அடைந்தது. ஆனால் அங்கு வந்தவை புக், டெமி என்னும் நடுத்தரக் கனங்களும் அவற்றின் சாய்வுகளுமே. மெலிந்த வகை அதில் இல்லை, இணைப்பெழுத்துக்களும் இல்லை. எந்த இரு பண்புகள் இவ்வமைப்புக்கு உயிரூட்டினவோ அவ்விரண்டும் நீங்கிய உடலையே ஒரு தலைமுறையினர் அவான் கார்ட் என அறிந்தனர். இணைப்பெழுத்துக்களையும் சாய்ந்த வடிவங்களையும் மீட்டுத் தந்த கணினிப் பதிப்பு இந்நூற்றாண்டின் முதற் பத்தாண்டிலேயே கிடைத்தது.

மெலிந்த எழுத்தின்மீதான மோகம் அவான் கார்ட்டோடு முடியவுமில்லை. 2013 இல் அப்பிள் நிறுவனம் தன் கைத்தொலைபேசிகளுக்கான ஏழாம் ஐ.ஓ.எஸ். மென்பொருளை வெளிக்காட்டியபோது, திரையெங்கும் ஹெல்வெற்றிக்கா நியூ எழுத்தின் மெலிந்த வகைகள் நிறைந்திருந்தன. மணிநேரத்தைக் காட்டும் பெரிய இலக்கங்களில் அது அழகாகவே இருந்தது. சிறிய சொற்களில் வாசிக்க இயலாதெனக் கண்டனம் எழவே, சோதனைப் பதிப்புக்கள் முடிவதற்குள் சாதாரண கனத்துக்கு மாறினர்; எழுத்தைத் தடிப்பாக்கிக்கொள்ளும் வசதியொன்றும் சேர்க்கப்பட்டது. பெரிய இலக்கங்கள் மாத்திரம் மெலிந்தவாறே விடப்பட்டன.